பொட்டிப்புரத்துக்குப் பிறகு: மலையைக் குடையும் முன் செய்ய வேண்டியவை

மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். ஜனவரி 15, பென்னிகுயிக்கின் பிறந்தநாள். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு திட்டம் என்றதும் அணைதான் நினைவுக்கு வரும். ஆனால், மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றுநீரைக் கிழக்கே திருப்பியது மலைக்குள் ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய சுரங்கம். அந்த நீர் வைகையில் கலந்து, வைகை அணையைத் தாண்டி, பேரணை வழியாகத் திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை வட்டாரத்துக்கும் வந்து சேர்கிறது.

அதே மலைத்தொடரில் ஏறத்தாழ அதே நீளத்தில் இன்னொரு சுரங்கம் தோண்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை அடுத்த மலைக்குள் 1.9 கிலோமீட்டர் உள்ளே போய், 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட குகை ஒன்றைக் குடைந்து, அதில் 50,000 டன் இரும்பால் ஒரு கருவியை நிறுத்துவது திட்டம். மதிப்பீடு 1,500 கோடி ரூபாய். பெயர், இந்திய நியூட்ரினோ ஆய்வகம். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. மலையில் சுரங்கம் இல்லை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, அந்த இடத்தில் ஆய்வகம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது.

ஒரு சுரங்கத்துக்குப் பொங்கல், இன்னொன்றுக்குப் போராட்டம். இந்த வட்டாரத்து மக்கள் சுரங்கம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அல்லர் என்பதற்கு முதல் சுரங்கமே சாட்சி. முதலாவது, வாய்க்காலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டாவது என்ன கொண்டுவரும் என்பதை அவர்களிடம் உரிய நேரத்தில் யாரும் சொல்லவில்லை. ‘நியூட்ரினோ’ என்ற சொல் திண்டுக்கல், தேனி வட்டாரத்துக்குப் பாடப்புத்தகம் வழியாக வரவில்லை. சுவரொட்டி வழியாகவும் மேடைப் பேச்சு வழியாகவும்தான் வந்தது. வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி முதலில் வந்துவிட்டது. அது என்ன என்ற கேள்வி வரிசையில் பின்னுக்குப் போய்விட்டது.

பாறைக்குள் துகள் உணர்கருவி அமைக்கும் ஆராய்ச்சி இந்தியாவுக்குத் தேவை. அதற்கான முறையைத்தான் தலைகீழாக மாற்ற வேண்டும்.

மலை எதற்கு?

விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி இரவும் பகலும் துகள்கள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை புரோட்டான்கள். 1912 ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் உயரம் வரை ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அது தரையிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து வருகிறது என்று உறுதியானது. அவைதான் அண்டக்கதிர்கள். அவை காற்று மண்டலத்தின் உச்சியில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதிச் சிதறும்போது புதிய துகள்கள் பிறக்கின்றன. அவற்றில் மியூவான் என்பது எலெக்ட்ரானுக்கு அண்ணன் போன்றது; மின்னூட்டம் ஒன்றே, எடை சுமார் 200 மடங்கு. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் வத்தலக்குண்டு பேருந்துக்குக் காத்திருப்பவரின் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் இறங்கிப் போகிறது. அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒன்றும் ஆவதும் இல்லை.

அதே மோதலில் பிறக்கும் இன்னொரு துகள் நியூட்ரினோ. மின்னூட்டம் கிடையாது, எடை மிக மிகக் குறைவு, எதோடும் ஒட்டாது. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் நொடிக்கு 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் வந்து, உடலையும் பூமியையும் ஊடுருவி மறுபக்கம் போய்விடுகின்றன. லட்சம் கோடிகளில் என்றைக்கோ ஒன்றுதான் வழியில் ஓர் அணுவில் மோதும். அந்த ஒரு மோதலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வேண்டும்: மோதுவதற்கு ஏராளமான எடை, மற்ற இரைச்சல் இல்லாத இடம்.

தரைக்கு மேலே அந்த இரைச்சல்தான் மியூவான். திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஊசி விழும் ஓசையைக் கேட்க முயல்வது போன்ற வேலை அது. எனவே ஆராய்ச்சியாளர்கள் பாறையைச் சல்லடையாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கிலோமீட்டர் பாறை தலைக்கு மேல் இருந்தால் மியூவான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைகிறது. நியூட்ரினோவுக்கு மட்டும் பாறை ஒரு பொருட்டே இல்லை. போடி மேற்கு மலைகள் தேர்வானதற்குக் காரணம் இதுதான். உச்சியிலிருந்து 1,300 மீட்டர், எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கிலோமீட்டர், உறுதியான சார்னோகைட் பாறை.

கண்ணாடியும் இரும்பும்

அந்தக் குகையில் வைப்பதாக இருந்த கருவியில் மர்மம் எதுவும் இல்லை. 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக 151 அடுக்குகள். இரண்டு தகடுகளுக்கு நடுவே 4 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் கண்ணாடிப் பெட்டிகள், மொத்தம் சுமார் 29,000. ஒவ்வொரு பெட்டியிலும் 3 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு கண்ணாடிப் பலகைகள். அவற்றின் நடுவே 2 மில்லிமீட்டர் இடத்தில் வாயு. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 10,000 வோல்ட் மின்னழுத்தம். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று குறுக்கே போனால் வாயுவில் அந்த இடத்தில் மட்டும் ஒரு நுண்ணிய மின்பொறி எழும். வெளியே ஒட்டிய செப்புப் பட்டைகள் எந்த இடம், எந்த நேரம் என்று பதிவு செய்துகொள்ளும். கண்ணாடி, ஜன்னலுக்குப் போடும் அதே ஃப்ளோட் கண்ணாடி வகைதான்.

நியூட்ரினோ இரும்பில் மோதினால் அங்கிருந்து ஒரு மியூவான் கிளம்பும். அது அடுக்கடுக்காகப் போகும் தடத்தைக் கண்ணாடிப் பெட்டிகள் காட்டிக்கொடுக்கும். இரும்பைக் காந்தமாக்கியிருப்பதால் அந்தத் தடம் ஒரு பக்கம் வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து வந்தது நியூட்ரினோவா, எதிர்-நியூட்ரினோவா என்று பிரித்துச் சொல்லலாம். உலகின் மிகப் பெரிய நியூட்ரினோ கருவிகள் பலவற்றால் இதைச் செய்ய முடியாது. இந்தியக் கருவியின் தனிச்சிறப்பு அந்தக் காந்தம். 120 டன் எடையுள்ள ரயில் இன்ஜின்கள் 400-க்கும் மேல் சேர்ந்தால் எவ்வளவு எடையோ, அவ்வளவு எடையுள்ள காந்தம்.

தமிழர்கள் தோண்டிய குழி

இந்த ஆராய்ச்சி இந்தியாவுக்கு இரவல் சரக்கு அல்ல. இயற்பியலாளர் ஹோமி பாபாவின் தூண்டுதலில் 1951-ல் இளம் ஆராய்ச்சியாளர் பி.வி.ஸ்ரீகண்டன் கோலார் தங்கவயலுக்குள் கருவியோடு இறங்கினார். ஆழம் போகப் போக மியூவான் எப்படிக் குறைகிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. 1960-களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடக் கருவியில் விழவில்லை. மற்ற ஆராய்ச்சியில் இது தோல்வி. இங்கே அது கொண்டாட்டம்: இவ்வளவு அமைதியான இடத்தில் ஏதாவது ஒன்று பதிவானால், அது நியூட்ரினோவால்தான் வந்திருக்க முடியும்.

அப்படியே நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய மூன்று இடத்து விஞ்ஞானிகள், இயற்பியலாளர் எம்.ஜி.கே.மேனனுடன் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். கட்டுரை வெளியான நாள் 1965 ஆகஸ்ட் 15. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்கர் ஃபிரடெரிக் ரைன்ஸின் குழு கண்டதும் அதே ஆண்டுதான். அவர்கள் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. உலகிலேயே வளிமண்டல நியூட்ரினோவை முதலில் பார்த்த இரண்டு குழுக்களில் ஒன்று இந்த மண்ணில் இருந்தது. பின்னர் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க அதே சுரங்கத்தில் 140 டன் கருவியும் வைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் நின்றன. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது.

அந்தக் குழியைத் தோண்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். கீழே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் வாடிக்கை. தங்கத்துக்காகக் கொடுத்த உயிர்களின் விலையில், துகள் இயற்பியலுக்கு ஒரு தயார் குழி கிடைத்தது. அங்கே ஆய்வுக்கென்று புதிதாக ஒரு மலையை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக்கும் இடமில்லை.

பொட்டிப்புரத்தில் எங்கே பிசகியது?

கோலாருக்குப் பிறகு நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியில் மசினகுடி அருகே சிங்காரா. புலிகள் காப்பகம், யானை வழித்தடம் என்ற காரணங்களால் 2009-ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை மறுத்தார். பிறகுதான் பார்வை தேனிக்குத் திரும்பியது. 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அங்கிருந்து வழக்குகளின் வரலாறு தொடங்குகிறது.

2015 மார்ச்சில், மதிமுகவின் வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்றது. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பின் சுந்தர்ராஜன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை என்பதும், திட்ட இடம் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு அதைச் ‘சிறப்பு நேர்வு’ என்று சொல்லி மீண்டும் அனுமதி கொடுத்தது. அந்த மாத இறுதியில் மதுரையில் வைகோ நடைப்பயணம் தொடங்கிய இடத்தில் தொண்டர் ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்ய மறுத்தாலும், தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2021 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அனுமதி தர வேண்டாம் என்று பிரதமரை வலியுறுத்தினார்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. விஞ்ஞானம் நீதிமன்றத்தில் தோற்கவில்லை. காகித வேலைதான் தோற்றது. அங்கீகாரமில்லாத அறிக்கை, கவனிக்காமல் விட்ட பூங்கா எல்லை, பிறகு விதிவிலக்கு. விதியை வளைத்து வரும் அனுமதியைப் பார்க்கும் விவசாயி, உள்ளே எதையோ ஒளிக்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு.

எதிர்ப்பாளர்கள் சொன்ன எல்லாமே சரி என்று ஆகிவிடாது. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்று பரவிய பேச்சுக்கு அடிப்படை இல்லை. அந்தக் கருவி கதிர்வீச்சை உண்டாக்காது. வானத்திலிருந்து வருவதைக் குறித்துக்கொள்ளும். வெளிநாட்டு முடுக்கியிலிருந்து நியூட்ரினோ கற்றை வருமே என்ற அச்சத்துக்கு, திட்டத்தின் ஆரம்ப அறிக்கையிலேயே எதிர்கால வாய்ப்பாக அது பேசப்பட்டதுதான் காரணம். அப்படியே வந்தாலும் சூரியன் அனுப்பும் நியூட்ரினோக்கள் எதுவும் செய்யாத உடலை அந்தக் கற்றையும் எதுவும் செய்யாது. இதை எளிய தமிழில், ஊருக்குள் உட்கார்ந்து, 2015-க்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால், மூன்று கேள்விகளைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுத்தால் மலையின் நீரூற்றுகள் என்ன ஆகும்? பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டானையும் இணைக்கும் வழித்தடத்தில் பல ஆண்டு வெடிச்சத்தமும் லாரியும் ஓடினால் விலங்குகள் எங்கே போகும்? கண்ணாடிப் பெட்டிகளில் ஓடும் வாயுவின் பெரும்பகுதி, குளிர்சாதனங்களில் புழங்கும் ஆர்-134ஏ. வெளியேறினால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் அந்த வாயுவை ஒரு சொட்டும் விடாமல் திரும்பச் சுழற்ற முடியுமா? இவை விஞ்ஞானக் கேள்விகள். விஞ்ஞானிகளே முன்வந்து கேட்டிருக்க வேண்டியவை.

மற்ற நாடுகள் எங்கே வைத்தன?

ஜப்பானின் சூப்பர் காமியோகண்டே, 50,000 டன் தூய நீரைக் கொண்ட தொட்டி. அது ஒரு பழைய துத்தநாகச் சுரங்கத்தில், ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் இருக்கிறது. நியூட்ரினோக்கள் போகும் வழியிலேயே வகை மாறுகின்றன, எனவே அவற்றுக்கு எடை உண்டு என்று 1998-ல் காட்டியது அதுதான். கனடாவின் சட்பரி ஆய்வகம் நிக்கல் சுரங்கத்தில். இவ்விரண்டுக்கும் சேர்த்து 2015-ல் தகாகி கஜிதாவும் ஆர்தர் மெக்டொனால்டும் நோபல் பெற்றார்கள். அமெரிக்காவில் ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோவைப் பிடித்தது ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில். இத்தாலியின் கிரான் சாஸோ, நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பக்கவாட்டில். பிரான்ஸின் மோதான் ஆய்வகமும் சாலைச் சுரங்கத்தை ஒட்டியதே. பெரிய கருவிக்குக் குகையைப் புதிதாக வெட்டத்தான் வேண்டும். என்றாலும் உள்ளே போகும் வழி வேறு காரணத்துக்காக முன்பே திறந்திருந்தது.

முழுக்க ஆய்வுக்கென்றே மலையைத் தோண்டியது சீனா. குவாங்தொங் மாகாணத்தின் ஜூனோ ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியது 2015 ஜனவரியில். இந்தியாவில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த அதே மாதம். 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவத்தோடு 2025 ஆகஸ்டில் அது பதிவெடுக்கத் தொடங்கிவிட்டது. நியூட்ரினோ வகைகளின் எடை வரிசையைக் கண்டறிவது அதன் முக்கிய இலக்கு. பொட்டிப்புரத்தின் இலக்கும் அதுவே. போட்டியில் இந்தியா பத்தாண்டு பின்தங்கியது என்று புலம்புவோர் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஜூனோவின் பணியும் பல ஆண்டு தாமதமானது. காரணம், குடைந்த இடத்தில் கொட்டிய நிலத்தடி நீர். மலைக்குள் தண்ணீர் என்ன செய்யும் என்ற தேனி விவசாயியின் கேள்வி அறியாமையிலிருந்து வந்தது அல்ல என்பதற்கு சீனப் பொறியாளர்களே சாட்சி.

இத்தாலியின் பாடம் இன்னும் கூர்மையானது. 2002 ஆகஸ்டில் கிரான் சாஸோவில் ஒரு சோதனைக்கு வைத்திருந்த ரசாயனத் திரவம் சுமார் 50 லிட்டர் கசிந்து ஓடையில் கலந்தது. அந்த மலையின் நீரைத்தான் சுற்றுவட்டாரம் குடிக்கிறது. நீதிமன்றம் தலையிட்டது, கூடம் ஒன்றுக்குச் சீல் வைக்கப்பட்டது, பொரெக்சினோ என்ற அந்தச் சோதனை பதிவெடுக்கத் தொடங்க 2007 ஆகிவிட்டது. பொட்டிப்புரத்தில் வைப்பதாக இருந்தது இரும்பும் கண்ணாடியும்தான், திரவமில்லை. அந்த வித்தியாசத்தையே அதன் பலமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதைக்கூட மக்கள் முன் போதுமான அளவு வைக்கவில்லை.

மதுரையில் ஓடும் 85 டன்

திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இந்தக் கதையின் உயிருள்ள பகுதி இருக்கிறது. மதுரையில் ஆய்வகத்தின் தற்காலிக வளாகத்தில் மினி-ஐகால் என்ற மாதிரிக் கருவி 2018 முதல் இயங்கி வருகிறது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர், 11 இரும்பு அடுக்கு, 10 கண்ணாடி அடுக்கு, மொத்தம் 85 டன். திட்டமிட்ட பெரிய கருவியில் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்கு. தரையில் இருப்பதால் அதில் நியூட்ரினோவைப் பிடிக்க முடியாது. வந்து விழும் மியூவான்களே அதற்குப் பாடம்.

இந்தச் சிறிய கருவியைச் சுற்றி நடக்கும் இன்னொரு முயற்சிதான் பொதுமக்கள் கவனத்துக்கு வராதது. கருவியைச் சுற்றி, துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகளால் ஒரு வேலி போட்டு, வெளியிலிருந்து நுழையும் ஒவ்வொரு மியூவானையும் அடையாளம் கண்டு கணக்கிலிருந்து கழிக்கப் பார்க்கிறார்கள். 10,000-க்கு ஒன்றுக்கு மேல் தப்பாத அளவுக்கு அந்த வேலி துல்லியமானால், 1,300 மீட்டர் பாறை தேவையில்லை. சுமார் 100 மீட்டர் ஆழமே போதும் என்பது கணக்கு. சல்லடையின் ஒரு பகுதியைப் பாறையிலிருந்து மின்னணுவியலுக்கு மாற்றுவது என்று இதைச் சொல்லலாம்.

இது வெற்றி பெற்றால் இடத்தைப் பற்றிய விவாதமே மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளைத் தேடிப் போக வேண்டாம். 100 மீட்டர் பாறை கிடைக்கும் இடங்கள் காடும் புலியும் இல்லாத பகுதிகளிலும் உண்டு. மூடிய சுரங்கங்கள் உண்டு. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வுக்கூடம் 2017-லேயே திறக்கப்பட்டுவிட்டது. இமயமலையில் சாலைக்கும் ரயிலுக்கும் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கங்கள் குடையப்படுகின்றன. அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில் ஒரு கூடத்தை இப்போதே ஒதுக்கினால், இத்தாலி செய்ததை இந்தியாவும் செய்யலாம். புதிய மலையைக் கேட்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். பொட்டிப்புரத்தில் அதுவே முதல் வழியாக இருந்தது.

திண்டுக்கல்லுக்கு இதில் என்ன?

தெற்குத் தமிழ்நாட்டுக்கு அண்டக்கதிர் ஆராய்ச்சியில் இயற்கையாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதிக்கு அருகில் போகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு ஆரவாட்டில் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 நிலையம் மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து அந்தக் குழு கணக்கிட்டது. 2015 ஜூனில் சூரியப் புயல் ஒன்று பூமியின் காந்தக் கவசத்தைச் சற்று நேரம் தளர்த்தியதையும் அதே கருவிதான் கண்டது. அண்டக்கதிர் ஆராய்ச்சி என்றால் எங்கோ இருக்கும் நட்சத்திரம் மட்டுமல்ல, தலைக்கு மேல் இடிக்கும் மேகமும்தான்.

இதையெல்லாம் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்க முடியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான ‘காஸ்மிக் வாட்ச்’ என்ற மேசை மியூவான் கருவிக்கு உதிரிப்பாகச் செலவு சுமார் 100 டாலர். ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஓர் ஒளி உணர்வான், ஒரு சிறு மின்சுற்று. இதைக் காந்திகிராம் கிராமியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் செய்துவிட முடியும். செய்த கருவியோடு கொடைக்கானல் ஏறினால், மலைப்பாதையில் உயரம் கூடக் கூட எண்ணிக்கை கூடுவதைத் தாங்களே வரைபடமாகப் போடலாம். பலூனில் ஹெஸ் செய்ததை மாணவர்கள் பேருந்தில் செய்வார்கள்.

ஊருக்கு நடுவே திண்டுபோல் கிடக்கும் மலைக்கோட்டைப் பாறையும் ஒரு பரிசோதனைக்கூடமாகலாம். பாறையின் ஒரு பக்கம் கருவியைச் சாய்த்து வைத்தால், பாறை வழியாக வரும் மியூவான்கள் திறந்த வானத்திலிருந்து வருவதைவிடக் குறைவாக இருக்கும். எந்தத் திசையில் எவ்வளவு குறைகிறது என்பதைக் கொண்டு பாறையின் உள்ளமைப்பை ஊகிக்கலாம். 1960-களில் லூயி ஆல்வரெஸ் எகிப்தின் காஃப்ரே பிரமிடில் இந்த முறையைத்தான் கையாண்டார். 2017-ல் கூஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதும் இப்படியே தெரிந்தது. தமிழ்நாட்டின் பழைய அணைகள், கோயில் கோபுரங்கள், குவாரி விட்டுப்போன பாறைச் சரிவுகள் என எதையும் உடைக்காமல் உள்ளே பார்ப்பதற்கு மியூவான் ஒரு வழி.

பூட்டுக்குப் பெயர்பெற்ற இந்த ஊரின் பட்டறைகளில் நுட்பமான உலோக வேலைக்குக் கைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான சட்டங்களும் தாங்கிகளும் தேவைப்படும் கருவி ஒன்று எந்த மாநிலத்தில் கட்டப்பட்டாலும், அதன் பாகங்கள் இங்கே உருவாக முடியும். ஆய்வகத்தின் பலன் ஆராய்ச்சிக் கட்டுரையாக மட்டும் மும்பைக்கும் டெல்லிக்கும் போகக் கூடாது என்றால், இப்படித்தான் அது வயல்வெளிக்கு இறங்கி வர வேண்டும்.

எனவே மூன்று கோரிக்கைகள். மத்திய அணுசக்தித் துறையும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் பொட்டிப்புரத்துக்காக எடுத்த நிலவியல், நீரியல், வன உயிரின ஆய்வுகள் எல்லாவற்றையும் தமிழில் வெளியிட வேண்டும். தங்கள் தரப்பு நிபுணர்கள் மட்டுமல்லாமல், எதிர்த் தரப்பு நம்பும் நிபுணர்களும் அவற்றைச் சோதிக்கட்டும். ஆழம் குறைந்த இடத்தில் கருவி வைக்கும் முயற்சிக்கு உரிய நிதியும் காலக்கெடுவும் தந்து, முடிவு தெரிந்த பிறகே புதிய இடம் குறித்துப் பேச வேண்டும்; அதிலும் ஏற்கெனவே குடைந்த சுரங்கங்களுக்கே முதலிடம். தமிழ்நாடு அரசு, பொட்டிப்புரத்துக்குச் சொன்ன ‘வேண்டாம்’ அந்த இடத்துக்கு மட்டுமே, இந்த ஆராய்ச்சிக்கு அல்ல என்பதைச் செயலில் காட்ட வேண்டும்.

அதற்கான முதல் செயலுக்கு அமைச்சரவை ஒப்புதல் தேவையில்லை, சுற்றுச்சூழல் அனுமதியும் தேவையில்லை. திண்டுக்கல், தேனி மாவட்டங்களின் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களை, பொட்டிப்புரம் பிள்ளைகளை முதல் வரிசையில் வைத்து, இந்தக் கல்வியாண்டிலேயே பேருந்தில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப் போய் அந்த 85 டன் கருவியைக் காட்டலாம். கூடவே அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் வரட்டும். கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் அங்கேயே, கருவிக்கு முன்னால் நின்று கேட்கட்டும்.